‘ஜிஜி’ படத்தின் ட்ரூவில் கடற்கரை: அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: 1958-இல் வந்த ‘ஜிஜி’ என்கிற ஹாலிவுட் இசைப்படத்தின் நடுவில், ட்ரூவில் என்கிற ஊரில் ஒரு கடற்கரை விடுமுறை வருகிறது. அங்கே கதை நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. விளையாடுகிறார்கள், சிரிக்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். ஆனாலும் படம் முடிந்த பிறகு மனசில் நிற்பது அந்த இடம்தான். ஏன் அப்படி? அந்த ஊர் நிஜமாகவே இருக்கிறதா?

ஊர் நிஜம். அதைப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில்: கதை அங்கேதான் நகர்கிறது, ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பாட்டுக்கென்றே எடுத்த ஒரு காதல் படத்தில், காதல் பிறக்கிற இடத்தில் காதலர்கள் இருவருக்கும் ஒரு பாட்டுகூடக் கிடையாது. அங்கே வருகிற ஒரே பாட்டு, காதல் எப்போதோ முடிந்துபோன இரண்டு பெரியவர்களுக்குப் போகிறது. அந்த ஏற்பாட்டில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள, கடற்கரைக்கு முன்னால் பாரிஸில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

படத்தின் காலம் 1900. காஸ்தோன் லஷாய் என்பவன் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை, சர்க்கரைத் தொழில் குடும்பம். எதைப் பார்த்தாலும் அவனுக்குச் சலிப்பு. பாரிஸைப் பார்த்தாலும் சலிப்பு, பெண்களைப் பார்த்தாலும் சலிப்பு. இதைப் பற்றியே அவனும் அவன் மாமா ஆனொரேவும் ஒரு முழுப் பாட்டுப் பாடுகிறார்கள். மாமா உலகத்தில் உள்ள அழகையெல்லாம் எடுத்துக் காட்டுகிறார், மருமகன் ஒவ்வொன்றையும் தள்ளிவிடுகிறான். அவன் வைத்திருக்கிற பெண் லியான், பனிச்சறுக்கு சொல்லித்தருகிறவனோடு ஓடிப்போகிறாள். அவன் உறவை முறித்துக்கொண்டதும் அவள் தற்கொலைக்கு முயல்கிறாள். அது அவனுடைய அந்தஸ்தை உயர்த்தியதாக ஊரே பேசுகிறது. மாமா வாழ்த்துச் சொல்கிறார்! அந்தச் சமூகத்தில் ஒரு மனிதனுடைய மனசு என்பது பத்திரிகைச் செய்திக்கு மேல் எதுவும் இல்லை.

இந்த ஆள் ஓய்வாக மூச்சுவிடப் போகிற ஒரே இடம் மாமிதா என்கிற அம்மாளின் சின்ன வீடு. அங்கே சீமைச்சாமந்திப் பூத் தேநீர் கிடைக்கும், வீட்டுப் பேத்தி ஜிஜியோடு சீட்டு ஆடலாம், சண்டை போடலாம். அவளுக்குக் கேரமல் மிட்டாய் வாங்கிப்போவான். அவனுக்கு அவள் ஒரு குழந்தை. அவளுக்கு அவன் வீட்டு மனுஷன்.

ஆனால் அந்த வீட்டிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜிஜியின் குடும்பத்துப் பெண்கள் தலைமுறையாகப் பணக்காரர்களின் துணையாக இருந்து பிழைத்தவர்கள். கல்யாணம் என்பது அவர்கள் அகராதியில் இல்லை. பாட்டியின் சகோதரி அலிசியா, ஜிஜியை அந்தத் தொழிலுக்குப் பழக்குகிறார். எலும்போடு சமைத்த சின்னப் பறவையை அழகு குலையாமல் எப்படிச் சாப்பிடுவது, ஆணுக்குச் சுருட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, நகையைப் பார்த்து என்ன கல் என்று எப்படிச் சொல்வது, இதெல்லாம் பாடம். ஒரு மஞ்சள் கல்லைப் பார்த்து ஜிஜி ‘புஷ்பராகம்’ என்கிறாள். அலிசியாவுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். தன் நகைகளில் போய் புஷ்பராகமா? அது மஞ்சள் வைரம். அந்தப் பெண் கல்லின் விலையைக் கற்றுக்கொள்கிறாள். அதே மூச்சில் தன் விலையையும் கற்றுக்கொள்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது, அவளுக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை.

இந்தப் பின்னணியில்தான் அந்தச் சீட்டாட்டம் வருகிறது. ஜெயித்தால் தன்னையும் பாட்டியையும் கடற்கரைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது பந்தயம். ஜெயித்துவிடுகிறாள். ஷாம்பெயின் உடைகிறது, மூன்று பேரும் அந்தச் சின்ன வரவேற்பறையில் பாடிக் குதிக்கிறார்கள். கவனியுங்கள்: பாட்டு பாரிஸிலேயே முடிந்துவிடுகிறது. குஷிக்கான பாட்டு, காதலுக்கான பாட்டு இல்லை. அதற்கப்புறம் ட்ரூவில். அங்கே போனதும் இளையவர்கள் இருவரும் பாடுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஓடுகிறார்கள், விழுகிறார்கள், டென்னிஸ் ஆடுகிறார்கள், கழுதைமேல் ஏறுகிறார்கள். பின்னால் இசை மட்டும் ஓடுகிறது.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இதற்குக் கொஞ்சம் முன்னால் மாக்ஸிம் என்கிற உணவு விடுதியில் ஒரு காட்சி வருகிறது. காஸ்தோன் லியானோடு வால்ட்ஸ் ஆடுகிறான். உதடு அசையாமல், மனசுக்குள்ளேயே அவன் ஒரு பாட்டுப் பாடுகிறான். இவள் இப்படிச் சிரிக்கிறாளே, என்னை நினைத்து இல்லை, யாரையோ நினைத்து, என்பதுதான் பாட்டு. அவன் கண் அவளை வேவு பார்க்கிறது, அவன் மண்டை கணக்குப் போடுகிறது. பாட்டு அங்கே சந்தேகத்தின் குரல். கடற்கரையில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அதனால் மனசுக்குள் பேசிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. எதிரில் இருக்கிற பெண் பந்தை அடிக்க ஓடி, தடுக்கி, விழுந்து எழுந்து சிரிக்கிறாள் என்றால் அவள் அதைத்தான் செய்கிறாள், வேறு எதையும் மறைக்கவில்லை.

ஜிஜியாக நடித்த லெஸ்லி கரோனைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். படத்தில் ஜிஜியின் பாட்டுக் குரல் அவருடையது இல்லை. பெட்டி வாண்ட் என்கிற பாடகி பின்னணி பாடினார். தன் குரலிலேயே பாட வேண்டும் என்று கரோன் ஆசைப்பட்டார், நடக்கவில்லை. ஆகவே ஜிஜி பாடும்போதெல்லாம் பாதி கரோன், பாதி வேறொருவர். ட்ரூவிலில் பாட்டு இல்லை என்பதால் அங்கே இருப்பது முழுக்க முழுக்க கரோன். அவர் பாலே நடனத்தில் வளர்ந்தவர், 1951-இல் ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்துக்காக நடிகரும் நடனக் கலைஞருமான ஜீன் கெல்லி தேர்ந்தெடுத்து அழைத்து வந்தவர். உடம்பை இம்மியளவு பிசகாமல் வைத்திருக்கத் தெரிந்த ஒருவர் கை காலைக் கண்டபடி வீசி ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று நடனம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படப்பிடிப்பு நடந்தபோது அவருக்கு 26 வயது. பள்ளிக்கூடப் பிள்ளையின் ஓட்டத்தை அவர் நடிக்கிறார், ஆனால் நடிப்பதாகவே தெரியாது.

அவர் அப்படி ஓடுவதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அலிசியாவின் பாடமெல்லாம் அசையாமல் இருப்பது பற்றியது. எப்படி உட்கார வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும், கண்ணை எப்போது தாழ்த்த வேண்டும். கடற்கரையில் ஜிஜி இந்தப் பாடம் ஒவ்வொன்றிலும் தோற்கிறாள், அந்தத் தோல்வி பார்க்க அத்தனை அழகாக இருக்கிறது. 1900 என்ற வருஷத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் கோடையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் சார்லட் கூப்பர் என்கிற இங்கிலாந்துப் பெண் டென்னிஸில் ஜெயித்து, தனிநபர் போட்டியில் ஒலிம்பிக் பட்டம் வாங்கிய முதல் பெண் ஆனார். கணுக்கால் வரை பாவாடையும் நீளக்கை ரவிக்கையும் போட்டுக்கொண்டுதான் அந்தக் காலத்தில் டென்னிஸ் ஆட வேண்டும். அந்த உடுப்பில் நளினமாக நின்று பந்தைத் தட்டிவிடுவது சுலபம், உண்மையாக ஆடுவது சிரமம். ஜிஜி உண்மையாக ஆடுகிறாள்.

குளிக்கப் போவதும் அப்படித்தான். அந்தக் காலத்துக் கடல் குளியல் என்பது ஒரு சடங்கு. பெண்கள் கருநீலத்திலோ கறுப்பிலோ தடித்த கம்பளித் துணியில் தைத்த மேல்சட்டை, முழங்கால்வரை கால்சட்டை, காலுறை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். உடை மாற்றச் சக்கரம் வைத்த மரக் கூண்டுகள் இருக்கும், அவற்றைக் குதிரை பூட்டித் தண்ணீர் வரைக்கும் இழுத்துப்போவதும் உண்டு. அலையில் நிலைதடுமாறாமல் கையைப் பிடித்துக்கொள்ளக் கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். கம்பளித் துணி நனைந்தால் என்ன கனம் கனக்கும்! அத்தனைக்கும் நடுவில் மக்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். படம் இந்த விவரங்களைக் கிண்டல் செய்யாமல், ரசித்துக் காட்டுகிறது. உடையும் தோற்றமும் செசில் பீட்டனுடைய பொறுப்பு. அந்தக் காலத்தின் பகட்டை அவர் அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தவர்கள் குறைவு. உடைக்கான ஆஸ்கர் அவருக்குத்தான் கிடைத்தது.

இனி ஊருக்கு வருகிறேன். ட்ரூவில், பிரான்ஸின் வடக்கே நார்மண்டிக் கரையில், தூக் என்கிற சிற்றாறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோவில். முதலில் அது மீன்பிடிக் கிராமம். 1820-களில் ஷார்ல் மொஸான் என்கிற ஓவியர் அங்கே வந்து வரைய ஆரம்பித்தார், அவர் படங்களைப் பார்த்துப் பாரிஸ்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். 1863-இல் ரயில் வந்ததும் ஊரின் தலையெழுத்தே மாறிவிட்டது. பாரிஸின் செயின்ட் லசார் நிலையத்தில் ஏறினால் நேராகக் கடல் வாசலில் இறங்கலாம். பெரிய விடுதிகள், சூதாட்ட மாளிகை, மணலில் பலகை பதித்த நடைபாதை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பாரிஸ் சமூகம் அப்படியே கூண்டோடு கிளம்பி அங்கே போய் உட்கார்ந்தது. அதே முகங்கள், அதே வம்பு, பின்னால் மட்டும் கடல்.

இந்தக் கடற்கரைக் கூட்டத்தை ஓவியமாகப் பிடித்தவர் யூஜீன் பூதான். 1860-களில் ட்ரூவில் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற சீமாட்டிகளை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். அகலமான, தாழ்ந்த சட்டகம். கீழே ஒரு வரிசையாக மனிதர்கள், குடைகள், காற்றில் உப்பிய பாவாடைகள். மேலே முக்கால்வாசிக்கு மேகம். 1870 கோடையில் ஓவியர் மோனே புது மனைவி கமிலோடும் சின்னப் பையனோடும் அங்கே தங்கி வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிற அவருடைய ட்ரூவில் படம் ஒன்றில் வண்ணத்தோடு மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரையிலேயே நின்று, காற்று மணலை வாரி அடிக்க அடிக்க வரைந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

‘ஜிஜி’யின் இயக்குநர் வின்சென்ட் மின்னெல்லி இந்த ஓவியங்களின் உலகத்தில் வாழ்ந்தவர். சினிமாவுக்கு வருமுன் சிகாகோவில் பெரிய கடையொன்றின் கண்ணாடிச் சன்னல்களை அலங்கரித்தவர், அப்புறம் நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் மேடையும் உடையும் வடிவமைத்தவர். சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரை வந்தபோது பல இயக்குநர்கள் திணறினார்கள், அந்த அகலத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று. கடற்கரைக்கு அந்த அகலம்தான் சரி. தொடுவானம் ஒரு கோடி முதல் மறுகோடி வரை போகிறது, மனிதர்கள் அதன் கீழே வரிசையாக. பூதானின் சட்டகமே அசைய ஆரம்பித்தது போல எனக்குத் தெரியும். பாரிஸ் காட்சிகள் பலவற்றை 1957 கோடையில் அசல் இடங்களிலேயே எடுத்தார்கள். மாக்ஸிம் விடுதி, போலோன் பூங்கா, பனிச்சறுக்கு அரங்கம், காஸ்தோனின் வீடாக ஜாக்மார் ஆந்த்ரே அருங்காட்சியகம். அந்தப் பகுதிகளில் கண்ணாடியும் சிவப்புப் பட்டும் தங்கமும் திரையை நெருக்கும். அதையெல்லாம் பார்த்துவிட்டு ட்ரூவிலுக்கு வரும்போது கண்ணுக்கே மூச்சு வருகிறது. சந்தோஷத்தில் பாதி அந்த வெறும் வானத்திலிருந்து வருவது.

சரி, இப்போது அந்தப் பாட்டு. இதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை.

மாமா ஆனொரேவும் ட்ரூவிலுக்கு வந்திருக்கிறார், வழக்கம்போல ஒரு பெண்ணைத் தேடி. வந்த இடத்தில் மாமிதாவைப் பார்த்துவிடுகிறார். இருவரும் ஒரு காலத்தில் காதலித்தவர்கள் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. மாலை நேரம், கடலைப் பார்த்த திண்ணை, இரண்டு நாற்காலி. ஆனொரேவாக மோரிஸ் ஷெவாலியே, மாமிதாவாக ஹெர்மியோன் ஜிங்கோல்ட். ஷெவாலியே 1888-இல் பிறந்தவர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஜிங்கோல்டுக்கு அறுபது. அவர் இங்கிலாந்து நகைச்சுவை மேடைகளில் பேர் வாங்கியவர், ஒரு புருவத்தைத் தூக்கினாலே அரங்கம் சிரிக்கும். இங்கே அந்தப் புருவத்தை அவர் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்.

ஆனொரே அன்று ஏன் விலகிப் போனேன் என்று சொல்கிறார். உன்மேல் அவ்வளவு ஆசை, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்றே நினைக்க ஆரம்பித்துவிட்டேன், பயந்துபோய் ஒரு பாடகியிடம் ஓடினேன், என்கிறார். மாமிதா அதைக் கேட்டு நன்றி சொல்கிறார். துரோகத்துக்கு இத்தனை அழகான சாக்கைத் தான் கேட்டதே இல்லை என்கிறார். அதை ஜிங்கோல்ட் சொல்கிற விதத்தில் கசப்பு இல்லை, ஏமாளித்தனமும் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஆறிப்போன காயத்தைத் தொட்டுப் பார்க்கிற நிதானம்.

அப்புறம் பாட்டு ஆரம்பிக்கிறது. கடைசியாகச் சந்தித்த அந்த ராத்திரியை ஆனொரே நினைவுகூர்கிறார். எனக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்கிறார். ஒன்றுமே சரியாக ஞாபகம் இல்லை. ஒன்பது மணி என்கிறார், எட்டு மணி என்று மாமிதா திருத்துகிறார். நான் சரியான நேரத்துக்கு வந்தேன் என்கிறார், இல்லை தாமதமாக வந்தீர்கள். நண்பர்களோடு சாப்பிட்டோம், இல்லை தனியாக. ஏப்ரல் நிலா, இல்லை, நிலாவே இல்லை, மாதமும் ஜூன். நீ தங்க நிற உடை போட்டிருந்தாய், இல்லை, நான் முழுக்க நீலத்தில் இருந்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆனொரே ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டி, தனக்கு நன்றாக நினைவிருப்பதாகவே மறுபடி சொல்கிறார்.

முதல் தடவை கேட்கும்போது சிரிப்பு வரும். எழுதியவர் ஆலன் ஜே லெர்னர், இசை ஃப்ரெடரிக் லோவ். தவறான நினைவும் திருத்தமுமாக ஒரு பழைய ஜோடி பாடுகிற இந்த யோசனையை லெர்னர் 1948-லேயே ‘லவ் லைஃப்’ என்கிற மேடை நாடகத்துக்கு, கர்ட் வைலின் இசையில், ஒரு தடவை எழுதிப் பார்த்திருந்தார். பத்து வருஷம் கழித்து அதையே எடுத்துப் புதுசாக வார்த்தார். அந்தப் பத்து வருஷம் வீண்போகவில்லை. ஒரு வரி கூடவும் இல்லை, ஒரு வரி குறையவும் இல்லை.

இரண்டாவது தடவை கேட்கும்போது மாமிதாவைப் பாருங்கள். அவருக்கு ஒவ்வொரு துளியும் நினைவிருக்கிறது. மணி, மாதம், கிழமை, உடை, மழை, அன்று தொலைத்த சீப்பு. விட்டுப்போனவருக்கு ராத்திரியின் மொத்த மணம் மட்டும் நினைவில், விடப்பட்டவருக்கு அதன் ஒவ்வொரு நிமிஷமும். இந்த ஒன்றை லெர்னர் எங்கேயும் நேரடியாகச் சொல்லவில்லை. திருத்தங்களை அடுக்கிக்கொண்டே போகிறார், நாமே கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் ஆனொரே, எனக்கு வயசாகிவிட்டதா என்று கேட்கிறார். பாட்டு முழுக்க அவரைத் திருத்திக்கொண்டிருந்தவர் இப்போது திருத்தவில்லை. உங்களுக்கா, இல்லவே இல்லை, என்கிறார். அன்றைக்கு அவர் எவ்வளவு திடமாக, இளமையாக, காதலில் ஓர் இளவரசன் மாதிரி இருந்தார் என்று தொடர்கிறார். அந்த ஒரு பொய்யை அவர் சொல்கிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பின்னால் வானம் மாறிக்கொண்டே இருப்பதையும் கவனியுங்கள். அசல் வானம் இல்லை அது, மேடையில் தீட்டிய திரையும் விளக்கும். பாட்டு ஆரம்பிக்கும்போது பொன்னும் ஆரஞ்சுமாக இருக்கும் வெளிச்சம், முடியும்போது நீலத்துக்குப் போய்விடுகிறது. நிஜ அஸ்தமனம் மூன்றே நிமிஷத்தில் இப்படி நடக்காது. மின்னெல்லிக்கு அது தெரியும். பகலெல்லாம் காற்றும் வெயிலுமாக இளையவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மேடை வெளிச்சத்தைப் பெரியவர்களுக்கு வைக்கிறார். நினைவுக்கு அந்த வெளிச்சம்தான் பொருத்தம்.

இன்னொரு முக்கியமான விவரம். பிரெஞ்சு எழுத்தாளர் கோலெட்டின், 1944-இல் புத்தகமாக வந்த மூலக் குறுநாவலில் இந்த மாமா ஆனொரே கிடையாது. படத்துக்காக உண்டாக்கிய பாத்திரம். அப்படியென்றால் அந்தத் திண்ணைக் காட்சி முழுக்கப் படக்காரர்கள் தாங்களாகச் சேர்த்தது. வெறுமனே ஷெவாலியேவுக்கு இடம் கொடுக்க மட்டும் சேர்த்திருந்தால் அது ஒட்டாமல் நின்றிருக்கும். ஒட்டுகிறது, காரணம் இருக்கிறது. கல்யாண நினைப்பு வந்ததும் பயந்து ஓடிய ஆண் அங்கே உட்கார்ந்திருக்கிறார், ஓடவிட்டு நின்ற பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார். மணலில் அந்த இருவருக்கும் வேண்டிய பையனும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். காஸ்தோன் மாமா வழியில் போனால் என்ன ஆவான் என்பதற்கும், ஜிஜி பாட்டி வழியில் போனால் என்ன ஆவாள் என்பதற்கும் விடை அந்த இரண்டு நாற்காலியில் இருக்கிறது. பெரியவர்கள் நினைத்துப் பார்க்கிற ஒரு ராத்திரியைப்போல, இந்தப் பகல் பிற்காலத்தில் இந்த இருவருக்கும் ஆகப்போகிறது. கதை நகரவில்லை என்று எப்படிச் சொல்வது?

தற்செயலாக, ட்ரூவிலுக்கு இப்படியொரு ராசி முன்பே உண்டு. 1836-இல் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் சிறுவனாக அந்தக் கரையில்தான் எலிசா ஷ்லெசிஞ்சர் என்கிற, ஏற்கெனவே மணமான பெண்ணைப் பார்த்தார். கைகூடாத அந்தக் காதலை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை, அவருடைய எழுத்திலும் அது வந்துகொண்டே இருந்தது. படக்காரர்கள் இதை மனசில் வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் பொருத்தமான ஊர்.

பாரிஸ் திரும்பியதும் பழைய கணக்கு உடனே ஆரம்பமாகிவிடுகிறது. ட்ரூவிலில் காஸ்தோன் எவ்வளவு குஷியாக இருந்தான் என்ற செய்தி அலிசியாவின் காதுக்கு எட்டுகிறது, பாடங்கள் மும்முரமாகின்றன. காஸ்தோன் மான்டி கார்லோ போய்த் திரும்பும்போது ஜிஜி நீள வெள்ளை உடையில் நிற்கிறாள். அவனுக்குக் கோபம் வருகிறது. ஏன் கோபம் என்று அவனுக்கே புரியவில்லை. தெருத்தெருவாக நடந்து, தனக்குத்தானே பேசிப் பாடித்தான் அவன் கண்டுபிடிக்கிறான், அவள் குழந்தை இல்லை என்று. படத்தின் தலைப்புப் பாட்டு அது, சிறந்த பாட்டுக்கான ஆஸ்கர் வாங்கியது. காஸ்தோனாக நடித்த லூயி ஜூர்தான் பெரிய பாடகர் இல்லை, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓட்டுகிறார், அந்தக் குழப்பத்துக்கு அதுவே சரியாக இருக்கிறது. கடற்கரையில் அவன் பாடாமல் விட்ட பாட்டு இங்கே வந்து சேருகிறது.

கடைசியில் மாக்ஸிம் மறுபடியும். இந்த முறை, அவன் துணையாக இருக்கச் சம்மதித்த ஜிஜி அவனோடு. அலிசியா சொல்லிக்கொடுத்த ஒன்றையும் அவள் மறக்கவில்லை. சுருட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்கிறாள், மரகதத்தைப் பார்த்துச் சரியாகப் பேசுகிறாள், சரியான இடத்தில் சிரிக்கிறாள். காஸ்தோனின் முகம் வாடிக்கொண்டே போகிறது. ட்ரூவிலைப் பார்த்த நமக்கும் வாடுகிறது. டென்னிஸ் மைதானத்தில் விழுந்து எழுந்த பெண் எங்கே? அந்தக் கேள்வி அவனுக்கும் வருகிறது. அதற்கப்புறம்தான் அவளை வீட்டுக்கு இழுத்துப்போய் விடுவதும், திரும்பி நடப்பதும், யோசித்து மறுபடி வந்து பாட்டியிடம் பெண் கேட்பதும். கடற்கரைப் பகுதியை வெட்டிவிட்டுப் பாருங்கள், அந்தக் கடைசி முடிவு வெறும் நல்ல மனசாக மட்டும் நிற்கும். ட்ரூவில் இருப்பதால்தான் அவன் எதை இழக்கப்போகிறோம் என்று தெரிந்து முடிவெடுக்கிறான்.

படத்தின் மேல் இன்று இருக்கிற வருத்தங்கள் எனக்கும் உண்டு. சிறுமிகளைப் பற்றிய ஆனொரேவின் ஆரம்பப் பாட்டை இப்போது இயல்பாகக் கேட்க முடியாது. ஒரு பெண்ணை விலைக்குப் பழக்குவதைப் படம் பல இடங்களில் சிரிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. காஸ்தோன் மனம் மாறாவிட்டால் ஜிஜியின் கதி என்ன என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசையும். ஆனால் அந்த உலகத்துக்கு வெளியே ஒரு இடம் இருக்க முடியும் என்று படமே காட்டுகிறது, அந்த இடம் கடற்கரை. அதனால்தான் அதை நான் வெறும் இடைவேளையாகப் பார்ப்பதில்லை.

விருதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1959 ஏப்ரலில் நடந்த ஆஸ்கர் விழாவில் ஒன்பது பிரிவுகளில் போட்டியிட்டு ஒன்பதையும் வாங்கியது, சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட. நடிகர்கள் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை என்பது என் மனக்குறை. ஷெவாலியேவுக்குக் கௌரவ விருது கொடுத்தார்கள். ஜிங்கோல்டுக்கு ஒன்றும் இல்லை.

பார்ப்பதானால் அகலத்திரையின் முழு அளவோடு இருக்கிற பிரதியில் பாருங்கள். இரண்டு பக்கமும் வெட்டிய பழைய தொலைக்காட்சிப் பிரதியில் கடற்கரை பாதி காணாமல் போய்விடும், திண்ணைக் காட்சியில் ஒருவர் பாடும்போது மற்றவர் முகம் தெரியாது, மாமிதாவின் முகம் தெரியாவிட்டால் அந்தப் பாட்டே போச்சு. ஊரைப் பார்க்க வேண்டுமானால் இன்றும் செயின்ட் லசாரிலிருந்து ரயில் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூட ஆகலாம். ட்ரூவிலுக்கும் தோவிலுக்கும் பொதுவாக ஒரே நிலையம். மோனே வரைந்த ரோஷ் நுவார் விடுதிக் கட்டடம் கடலைப் பார்த்தபடி இப்போதும் நிற்கிறது, குடியிருப்பாக மாறிவிட்டது. வில்லா மொந்தெபெல்லோ என்கிற பழைய மாளிகையில் ஊரின் அருங்காட்சியகம் இருக்கிறது. கடற்குளியல் காலத்து ஓவியங்களை அங்கே பார்த்துவிட்டு அப்புறம் மணலுக்கு இறங்கினால், படத்தில் வருகிற உடையும் குடையும் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டவை என்று தெரியும்.